நர்சு கையில் கம்ப்யூட்டர்!

நோட்டுப் புத்தகம் போகிறது, எந்திரம் வருகிறது. நோயாளிக்கு நல்லதா?

இரவு 2 மணி.

ஊர் தூங்குகிறது. ஆஸ்பத்திரி தூங்கவில்லை.

ஒரு பெரிய வார்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வார்டு. 40 கட்டில்கள். 40 நோயாளிகள். அத்தனை பேரையும் கவனிக்க, அந்த நேரத்தில் ஒரே ஒரு நர்சு.

"சிஸ்டர், குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது!" என்று ஓடி வருகிறாள் ஒரு மகள்.

"சிஸ்டரம்மா, தூக்கமே வரவில்லை" என்கிறார் ஒரு பாட்டி.

நர்சு இங்கே ஓடுகிறார். அங்கே ஓடுகிறார். நடுவில் நேரம் கிடைக்கும்போது மேஜைக்கு வருகிறார். நோட்டைத் திறக்கிறார். எழுதுகிறார். யாருக்கு என்ன காய்ச்சல், யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதுகிறார்.

பொழுது விடிகிறது. ஊசி போடும் நேரம்.

7-ம் நம்பர் கட்டிலில் ஒரு லட்சுமி. 17-ம் நம்பர் கட்டிலில் இன்னொரு லட்சுமி. 7-ம் நம்பர் லட்சுமிக்குச் சர்க்கரை நோய். அவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். 17-ம் நம்பர் லட்சுமிக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

இரவு முழுவதும் கண் விழித்த நர்சு, 7 என்பதை 17 என்று எண்ணிவிட்டால்?

சர்க்கரை நோய் இல்லாதவர் உடம்பில் இன்சுலின் ஏறினால், ரத்தத்தில் உள்ள சர்க்கரை மளமளவென்று இறங்கும். உடல் வியர்க்கும். கை நடுங்கும். நினைவு தப்பும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து!

ஒரு நம்பர் மாறினால் ஓர் உயிர். நர்சு வேலை அப்படிப்பட்டது.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதை நர்சுகள் கையில் எடுத்துக்கொள்ளத் தயாரா? இந்தக் கேள்வியை உலகம் முழுவதும் கேட்கிறார்கள்.

பதில் சுவையானது. கேளுங்கள்.

நாலு கை மாறும் காகிதம்

முதலில், காகிதத்தில் என்ன தொல்லை என்று பார்ப்போம்.

டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரை எழுதுகிறார். இது ஒன்று.

நர்சு அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இது இரண்டு.

மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர் சீட்டைப் படித்து, மருந்தை எடுத்துக் கொடுக்கிறார். இது மூன்று.

அடுத்து ட்யூட்டிக்கு வரும் நர்சு அந்த நோட்டைப் படித்து, நோயாளிக்கு மருந்து கொடுக்கிறார். இது நான்கு.

நாலு பேர் கை மாறுகிறது. நாலு இடத்திலும் தவறு நேரலாம்.

எழுத்து புரியாமல் போகலாம். இன்சுலினை 'யூனிட்' கணக்கில் போடுவார்கள். சிலர் அவசரத்தில், யூனிட் என்று முழுதாக எழுதாமல், 'யு' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டுவிடுவார்கள். கிறுக்கி எழுதினால் அது பூஜ்யம் மாதிரி தெரியும். 10 யூனிட் 100 யூனிட் ஆகிவிடும்! இது கற்பனை அல்ல. இதனால் விபத்துகள் நடந்திருக்கின்றன. இந்தச் சுருக்கெழுத்தே கூடாது என்று பல ஆஸ்பத்திரிகளில் தடை போட்டிருக்கிறார்கள்.

நோட்டு கிழியலாம். தண்ணீர் படலாம். ஒரு பக்கம் காணாமல் போகலாம்.

இது நர்சின் குற்றமா? இல்லை. மனிதர்கள் களைத்துப் போவார்கள். காகிதம் எச்சரிக்கை செய்யாது. அதுதான் தொல்லை.

விளக்கு ஏந்திய கணக்குப்பிள்ளை

"கணக்கும் எழுத்தும் நர்சுக்கு எதற்கு? நோயாளியைக் கவனித்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

நர்சு தொழிலுக்கு வழி காட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அப்படி நினைக்கவில்லை.

1854-ம் ஆண்டு. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. காயம் பட்ட பிரிட்டிஷ் படைவீரர்களைக் கவனிக்க, நைட்டிங்கேல் 38 பெண்களை அழைத்துக்கொண்டு துருக்கிக்குப் போனார். இரவில் கையில் விளக்கோடு வார்டைச் சுற்றி வந்தார். 'விளக்கு ஏந்திய சீமாட்டி' என்று பெயர் பெற்றார்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு.

அவர் கணக்கில் புலி! எத்தனை வீரர்கள் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்ற கணக்கைத் திரட்டினார். குண்டு பட்டு இறந்தவர்களைவிட, தொற்று நோயால் இறந்தவர்களே மிக அதிகம் என்று தெரிந்தது. 1858-ம் ஆண்டு, அதை வட்டப் படமாகப் போட்டுக் காட்டினார். படிக்கத் தெரியாதவருக்கும் பார்த்தால் புரியும் படம் அது. ராணுவ ஆஸ்பத்திரிகளைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்துக்கு அந்தப் படம் துணை நின்றது.

அதோடு விடவில்லை. "எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரியாகக் கணக்கு எழுத வேண்டும், அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்" என்ற கருத்தையும் சொன்னார். அதற்கு ஒரு மாதிரிப் படிவமும் தயாரித்தார்.

இன்று கம்ப்யூட்டர் செய்யும் வேலையும் அதுதான். நைட்டிங்கேல் பிறந்த மே 12-ந் தேதியைத்தான் உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கார் கடையில் பிறந்த யோசனை

மளிகைக் கடைக்குப் போகிறீர்கள். சோப்பு டப்பாவின் மேல் கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? அதற்குப் பார்கோடு என்று பெயர். கடைக்காரர் அதன் மேல் ஒரு கருவியைக் காட்டுகிறார். 'கீச்' என்று ஓர் ஒலி. சோப்பின் பெயரும் விலையும் பில்லில் வந்துவிடுகின்றன.

இந்தக் கோட்டை நோயாளியின் கையில் கட்டினால் என்ன? மருந்தின் மேலும் ஒட்டினால் என்ன?

இந்த யோசனைக்கு ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் கொடுத்தது யார்? டாக்டரா? இல்லை. என்ஜினீயரா? இல்லை.

ஒரு நர்சு!

அவர் பெயர் சூ கின்னிக். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்னாள் ராணுவ வீரர்களுக்காக அரசாங்கம் நடத்தும் ஆஸ்பத்திரி அங்கே உண்டு. அதில் அவர் வேலை பார்த்தார்.

1992-ம் ஆண்டு. வெளியூர் போயிருந்த கின்னிக், வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடை ஆள் ஒரு சிறிய கருவியைக் காரின் மேல் இருந்த பார்கோடில் காட்டினார். அவ்வளவுதான். கணக்கு முடிந்தது.

கின்னிக் மனதில் பொறி தட்டியது. காருக்கு இத்தனை கவனம் என்றால், மருந்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஊருக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியில் சொன்னார். மருந்தகத்தில் இருந்தவர்களும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களும் நர்சுகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். டொபீகாவில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. 1999-ம் ஆண்டில், நாடு முழுவதும் உள்ள முன்னாள் ராணுவ வீரர் ஆஸ்பத்திரிகளில் அதை வைக்கத் தொடங்கினார்கள்.

எந்திரத்தைக் கண்டால் நர்சுகள் பயப்படுவார்கள் என்று சொல்கிறவர்கள், இந்த நர்சின் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

மிகவும் எளிது.

நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதில் அவர் பெயரும் பார்கோடும் இருக்கும்.

டாக்டர் மருந்தைக் கம்ப்யூட்டரில் எழுதுவார். நர்சு அதைத் திரும்ப ஒரு முறை நோட்டில் எழுத வேண்டியதில்லை.

மருந்து கொடுக்கும் நேரம் வந்ததும், நர்சு நோயாளியின் பட்டையில் கருவியைக் காட்டுவார். பிறகு மருந்தின் மேல் காட்டுவார். இரண்டும் பொருந்தினால் கம்ப்யூட்டர் சம்மதிக்கும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கும்.

7-ம் நம்பர் லட்சுமியின் இன்சுலினை 17-ம் நம்பர் லட்சுமியிடம் கொண்டு போனால், "இவர் அவர் அல்ல!" என்று திரை காட்டிவிடும்.

நம் லட்சுமி பிழைத்தார்!

14,041 வேளை மருந்து

சொன்னால் போதுமா? கணக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிரிகாம் அண்டு விமன்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். நர்சுகள் மருந்து கொடுப்பதை, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒன்று இரண்டு வேளை அல்ல, 14,041 வேளை மருந்து!

முடிவு 2010-ம் ஆண்டு வெளிவந்தது.

நேரம் முன்னே பின்னே ஆவதை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை மட்டும் எண்ணினார்கள். பார்கோடு இல்லாத வார்டுகளில், நூற்றுக்கு 11.5 வேளை தவறு. பார்கோடு உள்ள வார்டுகளில் 6.8 தான்.

நோயாளிக்குக் கெடுதல் செய்யக் கூடிய தவறுகள், ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன.

டாக்டர் எழுதியதைப் பார்த்து எழுதும்போது நேரும் தவறு, முன்பு நூற்றுக்கு 6.1 ஆக இருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை!

கதவில் ஒட்டிய பட்டை

எல்லாம் நல்லதாகவே தெரிகிறது. இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஆராய்ச்சியாளர்கள் நர்சுகளைப் பின்தொடர்ந்து போனார்கள். பார்கோடு கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தார்கள். 2008-ம் ஆண்டு வெளியான அந்த ஆராய்ச்சி, பலரைத் திடுக்கிட வைத்தது.

நோயாளியின் கையில் இருக்க வேண்டிய பட்டைக்கு இன்னொரு நகல் எடுத்து, மேஜையில் ஒட்டியிருந்தார்கள். கதவு நிலையில் ஒட்டியிருந்தார்கள். நோயாளியைப் பார்க்காமலே பட்டையைக் காட்டி வேலையை முடித்தார்கள். நாலைந்து நோயாளிகளின் மருந்தை ஒன்றாக எடுத்து, முன்கூட்டியே கணக்குக் காட்டிவிட்டுத் தூக்கிச் சென்றார்கள்.

இப்படி 15 வகைக் குறுக்கு வழிகளை எண்ணினார்கள்.

"பார்த்தீர்களா! நர்சுகள் ஏமாற்றுகிறார்கள்!" என்று சொல்லத் தோன்றுகிறதா? பொறுங்கள். காரணத்தையும் கேட்டார்கள். 31 காரணங்கள் கிடைத்தன.

கைப்பட்டை நனைந்துவிட்டது, கருவி படிக்க மறுக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது. வார்டின் மூலையில் சிக்னல் கிடைக்கவில்லை. மருந்தின் மேல் பார்கோடே இல்லை. கருவியின் வண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நுழையவில்லை. நோயாளி அப்போதுதான் கண் அயர்ந்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை.

நோயாளி வலியில் துடிக்கிறார். கருவி வேலை செய்யவில்லை. நர்சு என்ன செய்வார்? மருந்தைத்தான் கொடுப்பார். குறுக்கு வழி பிறப்பது இப்படித்தான்.

எந்திரம் வாங்கியவர்கள் வார்டுக்குள் வந்து பார்க்கவில்லை. அது முதல் குறை.

இரண்டு ஊர், ஒரே எந்திரம்

இதைவிடச் சோகமான கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில், குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், 2002-ம் ஆண்டு அக்டோபரில் கம்ப்யூட்டர் முறை வந்தது. டாக்டர்கள் மருந்தைக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். சில நாட்களிலேயே ஆஸ்பத்திரி முழுவதும் அதற்கு மாறியது.

வெளி ஆஸ்பத்திரிகளில் இருந்து ஆபத்தான நிலையில் கொண்டுவரப்பட்ட 1,942 குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், நூற்றுக்கு 2.80 குழந்தைகள் இறந்திருந்தனர். கம்ப்யூட்டர் வந்த பிறகு 6.57!

2005-ம் ஆண்டு இந்தக் கணக்கை வெளியிட்டவர்கள் வெளியார் அல்ல. அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

என்ன நடந்தது?

முன்பெல்லாம், குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் மருந்தைச் சொல்லிவிடுவார். நர்சு தயாராக எடுத்து வைப்பார். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து பெயரைப் பதிந்த பிறகுதான் மருந்தை எழுத முடிந்தது. முன்பு அவசர மருந்து வார்டிலேயே இருந்தது; நர்சு கையை நீட்டி எடுப்பார். இப்போது அது மருந்தகத்துக்குப் போய்விட்டது. கட்டிலருகே நிற்க வேண்டியவர்களில் ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

உயிர் ஊசலாடும் குழந்தைக்கு ஒவ்வொரு நிமிடமும் பெரிது அல்லவா?

இனி, இன்னோர் ஊருக்குப் போவோம். அதே நாட்டில் சியாட்டில் நகரம். அங்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அதே வகைக் கம்ப்யூட்டர் முறை. 2003-ம் ஆண்டு வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடவில்லை!

ஏன்? அவசர நேரத்தில் என்னென்ன மருந்து வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிட்ஸ்பர்க்கில் சாவுகள் கூடியதற்குக் கம்ப்யூட்டர்தான் முழுக் காரணமா என்று நிபுணர்கள் வாதாடினார்கள். ஆனால் ஒரு பாடத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எந்திரத்தை வாங்கினால் போதாது. அது வருவதற்கு முன் வார்டு தயாராக வேண்டும்.

தாய் வீட்டுக்குப் போகும் எண்

அமெரிக்கக் கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில், கம்ப்யூட்டரோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் நர்சு ஒருவர் உண்டு. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. உங்கள் தெருவுக்கே வருகிறார். அவர்தான் கிராமச் சுகாதார நர்சு.

ஏறக்குறைய 5,000 மக்களுக்கு ஒரு நர்சு என்பது கணக்கு. மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர். கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்துப் பதிவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது எல்லாம் அவர் வேலை.

இந்த விவரங்களைப் பதிவதற்காக, 'பிக்மி' என்ற கம்ப்யூட்டர் முறையைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் வேண்டும் என்று 2017-ம் ஆண்டு விதி வந்தது.

எண்ணால் என்ன பயன்?

நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு மதுரையில் இருக்கும் தாய் வீட்டுக்கு வருகிறாள். ஏழு மாதம் வரை அவளைப் பார்த்தவர் திருநெல்வேலி நர்சு. பிரசவம் பார்க்கப் போவது மதுரை ஆஸ்பத்திரி. அவளுக்கு ரத்த சோகை என்பது மதுரையில் யாருக்குத் தெரியும்? முந்திய மாதம் ரத்த அழுத்தம் ஏறியது யாருக்குத் தெரியும்?

சீட்டைப் பெட்டியில் வைத்தாளோ, மாமியார் வீட்டு அலமாரியில் மறந்தாளோ!

எண் இருந்தால், விவரம் எண்ணோடு போகும். பெண் தாய் வீட்டுக்குப் போனால், அதுவும் பின்னாலேயே போகும். அதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இரட்டைச் சுமை

அப்படியானால் கிராம நர்சுகள் மகிழ்ச்சி அடைய வேண்டியதுதானே? ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

அவர்கள் பல காலமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. நோட்டிலும் எழுத வேண்டும். கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். ஒரே விவரத்துக்கு இரண்டு வேலை!

பகலெல்லாம் வெயிலில் அலைந்து வீடு வீடாகப் போகிறார். மாலையில் விவரம் ஏற்ற உட்கார்கிறார். நெட் கிடைக்கவில்லை. பாதி ஏற்றியதும் திரை நின்றுவிடுகிறது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறார். வீட்டில் அவருடைய பிள்ளை பாடம் சொல்லிக் கொடுக்கக் காத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டு போகாவிட்டால், அது நர்சுக்கு உதவி அல்ல. இன்னொரு சுமை. "கம்ப்யூட்டர் வேண்டாம்" என்று அவர் சொன்னால், அதைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது. பயம் என்றும் எண்ணக் கூடாது. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய நேரம் போகிறதே என்ற வருத்தம் அது.

2021-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, நாடு முழுவதற்குமான டிஜிட்டல் மருத்துவத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. அதில் ஒவ்வொருவரும் 14 இலக்க எண் பெறலாம். இனி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் வரும். எல்லா நர்சுகளும் அதைத் தொட வேண்டி வரும். ஆகவே இந்தக் குறையை இப்போதே தீர்க்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

அனுபவம் சொல்லும் வழிகள் இவை:

ஒன்று: எந்திரம் வாங்கும் முன், நர்சுகளைக் கேட்க வேண்டும். வார்டில் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். டொபீகாவில் அப்படித்தான் வென்றார்கள்.

இரண்டு: வேலை நேரத்திலேயே பயிற்சி கொடுக்க வேண்டும். இரவு ட்யூட்டி முடிந்து கண் சொக்கும்போது பாடம் நடத்தினால், யார் மண்டையில் ஏறும்?

மூன்று: ஒவ்வொரு வார்டிலும் நன்றாகக் கற்ற நர்சு ஒருவர் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது எளிது. எங்கோ இருக்கும் என்ஜினீயருக்குப் போன் போடுவது கடினம்.

நான்கு: கம்ப்யூட்டர் நன்றாக ஓடத் தொடங்கியதும், நோட்டை நிறுத்த வேண்டும். இரட்டை வேலை கூடாது.

ஐந்து: கரண்டு போனால் என்ன செய்வது, நெட் போனால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் காகிதம் தயாராக இருக்கட்டும்.

ஆறு: ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. நோயாளியின் ரகசியம் அதில் இருக்கிறது. யார் மருந்து கொடுத்தார் என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது.

மூத்த நர்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று இளையவர்கள் சிரிக்கலாம். செல்போனில் பேரன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சும் பாட்டி, அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்? பேரன் மேல் ஆசை இருந்தது. கற்றுக்கொண்டார். 25 ஆண்டு வார்டில் நின்ற நர்சுக்கு, எதை எழுத வேண்டும் என்று தெரியும். நேற்று வந்த நர்சுக்கு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியும். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால், இருவருக்கும் லாபம்.

நாம் என்ன செய்யலாம்?

நோயாளிக்கும் பங்கு உண்டு. அவர் வீட்டாருக்கும் உண்டு.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையை அவிழ்க்காதீர்கள். அரிக்கிறது என்று கழற்றி ஜன்னலில் வைக்காதீர்கள். அதுதான் உங்கள் அடையாளம்.

நர்சு மருந்து கொண்டுவந்து, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். "மூன்று நாளாகப் பார்க்கிறாய், இன்னும் என் பெயர் தெரியாதா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கேட்பது உங்கள் நன்மைக்காக. முழுப் பெயரைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால், கேட்காமலே சொல்லுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் ஏற்றிவையுங்கள். ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். தாய் வீட்டுக்கு அனுப்பும்போது, வளையலோடும் புடவையோடும் அந்த எண்ணையும் கொடுத்து அனுப்புங்கள்.

நர்சு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், "நோயாளியைப் பார்க்காமல் டி.வி. பார்க்கிறார்" என்று ஏசாதீர்கள். அவர் பார்ப்பது உங்கள் அம்மாவின் கணக்கைத்தான்.

தயாரா?

தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டோம். கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துக்கொள்ள நர்சுகள் தயாரா?

நைட்டிங்கேல் கணக்குப் போட்டார். கின்னிக் பார்கோடைக் கொண்டுவந்தார். நம் கிராம நர்சு, வெயிலில் அலைந்துவிட்டு வந்தும் விவரம் ஏற்றுகிறார். நர்சுகள் தயார்தான்.

அவர்களைக் கேட்காமல் எந்திரம் வாங்குகிறவர்கள் தயாரா? அதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

மறுபடியும் இரவு 2 மணி. அதே வார்டு. நர்சு மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கவில்லை. கருவியைக் காட்டினார், 'கீச்' என்றது, கணக்கு முடிந்தது. மிச்சப்பட்ட நேரத்தில், தூக்கம் வராத பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டி தூங்கிவிட்டார்.

கம்ப்யூட்டர் அந்த நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், எந்த நர்சும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்!